வேலிக்கு அந்தப் பக்கம் விழுந்த மான்

அந்த மானை என் கணவன் ராய்ஸ் நான்கு வருஷம் சுடாமல் விட்டான். சுட முடியாமல் இல்லை. முதல் வருஷம் அது அவன் பரணுக்கு நேர் கீழே வந்து நின்று, சிந்திக்கிடந்த சோளத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றது. இவன் துப்பாக்கியை மடியிலிருந்து எடுக்கவே இல்லையாம். "இன்னும் வளரட்டும் வெர்லீன்" என்று வீட்டுக்கு வந்து சொன்னான். கிழக்கு டெக்சஸில் குத்தகை நிலத்தில் வேட்டையாடுகிறவர்கள் எல்லாரும் சொல்கிற வார்த்தை அது. சின்னக் கொம்போடு ஒரு மானைச் சுட்டுவிட்டால், பந்தியில் முந்திக்கொண்டு இலை போட்டவனைப் பார்ப்பதுபோல மற்றவர்கள் பார்ப்பார்கள்.

அதற்கு 'ஜட்ஜ்' என்று பேர் வைத்தவனும் அவன்தான். மற்ற மான்கள் எல்லாம் வந்து தின்றுவிட்டுப் போன பிறகு, கடைசியில் மெதுவாக வந்து, தலையை நிமிர்த்தி எல்லாப் பக்கமும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்குமாம். மரத்தில் கட்டியிருந்த கேமரா அதன் படத்தை நேராக இவன் ஃபோனுக்கு அனுப்பும். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாட்டு நடக்கும்போது சட்டைப்பை அதிரும். "ஜட்ஜ் வந்துட்டார்" என்று என் காதில் சொல்வான். எங்கள் மகள் டென்வரில் பெற்று வைத்திருக்கும் பேரனின் படத்தை அந்த ஃபோனில் தேடினால்தான் கிடைக்கும். ஜட்ஜின் படம் தேடாமலே வரும்.

ஐந்தாவது வருஷம் கொம்பில் பத்து முனை வந்தது. இந்த நவம்பரில் சுடுவேன் என்று ராய்ஸ் முடிவு செய்தான். டிவிக்கு மேலே சுவரில் இடம் ஒழித்தான். எங்கள் கல்யாணப் படம் அங்கிருந்து கழிப்பறைக்குப் பக்கத்துச் சுவருக்குப் போனது. நான் கத்திப் பார்த்தேன். கேட்கிற ஆளா? ப்ளைவுட் ஆலையில் முப்பது வருஷம் வேலை பார்த்து, ஒரு முழங்காலை அங்கேயே விட்டுவிட்டு வந்தவன். அவனுக்கு இனிமேல் உலகத்தில் வேண்டியது ஒன்றே ஒன்றுதான், அந்த மான்.

அந்த வசந்தத்தில் மிஸ் ஒட்டிலி செத்துப்போனாள். நிலம் அவளுடையது. ஆயிரம் ஏக்கர் பைன் காடு, நடுவில் ஓர் ஓடை. எட்டுப் பேர் சேர்ந்து இருபத்திரண்டு வருஷமாகக் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். அவள் வாங்கிய தொகையைச் சொன்னால் இப்போது யாரும் நம்ப மாட்டார்கள். அதோடு கிறிஸ்துமஸுக்கு ஒரு பன்றித் தொடை, புயல் அடித்தால் கூரையைச் சரிபண்ணிக் கொடுப்பது, அவ்வளவுதான். கையெழுத்து, காகிதம் ஒன்றும் கிடையாது. கை குலுக்குவாள், முடிந்தது. ஆனால் கை குலுக்கியவளைப் புதைத்தாகிவிட்டது. ஹூஸ்டனில் இருந்த அவள் அண்ணன் மகன் அடக்கத்துக்கு வந்தான், நிலத்தைப் படம் எடுத்தான், அடுத்த வாரமே குத்தகைக்கு என்று இணையத்தில் போட்டுவிட்டான்.

மே மாதம் என் தம்பி கார்லண்டின் கார் ஷெட்டில் கூட்டம் போட்டார்கள். மடக்கு நாற்காலியில் எட்டுப் பேர். நான் இனிப்புத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். புதுக் குத்தகையில் தலைக்கு ஐயாயிரம் டாலர் விழும் என்று கார்லண்ட் சொன்னதும் ஒருவர் எழுந்தே விட்டார்.

"அஞ்சாயிரமா? எதுக்குய்யா, மானைச் சுடறதுக்கா, கட்டிக்கிறதுக்கா?"

எல்லாரும் சிரித்தார்கள். ராய்ஸ் சிரிக்கவில்லை. முழங்கால் ஆபரேஷன் கடன் முழுதாக அடையவில்லை என்பது எனக்கும் அவனுக்கும்தான் தெரியும். தொப்பியைக் கழற்றிச் சுற்றிக்கொண்டே கேட்டான்.

"மச்சான், நாம ரெண்டு பேரும் ஒரு எடத்தைப் பங்கு போட்டுக்கலாமா? ஒரு வாரம் நீ, ஒரு வாரம் நான். நவம்பர்ல மட்டும் எனக்கு ரெண்டு வாரம் சேத்துக் குடு. ஜட்ஜை எடுத்துட்டேன்னா அப்புறம் பூரா வருஷமும் நீயே வெச்சுக்கோ."

"பாக்கலாம் மச்சான்" என்றான் கார்லண்ட். தரையில் எண்ணெய்க் கறையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

அவன் பார்க்கவே இல்லை. தீவனக் கடையில்தான் எனக்குச் செய்தி தெரிந்தது. ஹூஸ்டனில் பல் வரிசையைச் சீராக்கும் டாக்டர் ஒருவர், மெர்சர் என்று பேர், நிலம் முழுவதையும் தனியாகக் குத்தகைக்கு எடுத்துவிட்டார். நிலத்தைப் பார்த்துக்கொள்ள உள்ளூர் ஆள் ஒருவன் வேண்டுமாம். அந்த உள்ளூர் ஆள் என் தம்பி. அவன் ஒரு காசு கட்ட வேண்டாம், பரணில் உட்கார்ந்து வேட்டையும் ஆடிக்கொள்ளலாம். எங்கள் அப்பா வீட்டை விட்டுப் போனபோது கார்லண்டுக்குப் பன்னிரண்டு வயது. அவனுக்குத் துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொடுத்தது, முதல் மானைச் சுட்டபோது வேட்டைக்காரர் வழக்கப்படி அதன் ரத்தத்தைத் தொட்டு அவன் கன்னத்தில் பூசியது, எல்லாம் ராய்ஸ்தான். வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்று சொல்வார்களே, அதை நான் கண்ணால் பார்த்தேன்.

ராய்ஸ் அப்போதும் அவனை விட்டுக்கொடுக்கவில்லை. "அவனாச்சும் உள்ள இருக்கானே. வெளி ஆளு இருந்தா நம்மள அந்தப் பக்கம் தும்மக்கூட விட மாட்டான்" என்றான். பரணையும் மானுக்குச் சோளம் போடும் தொட்டிகளையும் கேமராக்களையும் கழற்றி எடுத்துக்கொள்ளலாம் என்று போனான். எல்லாம் அவன் காசில் வாங்கியது. வெறுங்கையோடு திரும்பினான்.

"நெலத்துல நட்டது நெலத்துக்குத்தானாம். கழட்டினா டாக்டர் கோவிச்சுக்குவாராம்."

"உன் மச்சான் சொன்னானா?"

"அவன் என்ன பண்ணுவான் பாவம். அவர் சொல்றதை இவன் சொல்றான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பாவத்தை நான்தான் இடுப்பில் தூக்கி வளர்த்தேன்.

நவம்பர் வந்தது. ராய்ஸ் அரசாங்கக் காட்டுக்குப் போக ஆரம்பித்தான். அங்கே வருஷத்துக்கு ஒரு சீட்டு வாங்கினால் போதும், விலை ஐம்பது டாலருக்கும் கீழே. தேவலையே என்று நான் முதலில் நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, மிச்சத்தை உடம்பால் கட்ட வேண்டும் என்று. குத்தகை நிலத்தில் சின்ன வண்டியில் பரணின் அடிவரைக்கும் போய் இறங்குவான். இங்கே வண்டியைச் சாலையோரம் விட்டுவிட்டு, இடுப்பளவு புதரில் ஒரு மைல் நடக்க வேண்டும். நிலையாகப் பரண் கட்டக் கூடாது. சோளம் போடக் கூடாது. தலையிலும் மார்பிலும் ஆரஞ்சு நிறம் இல்லாமல் உள்ளே நுழையக் கூடாது, ஏனென்றால் ஒவ்வொரு மரத்துக்குப் பின்னாலும் ஒருவன் துப்பாக்கியோடு நிற்கிறான். முதல் சனிக்கிழமை இவன் குறித்து வைத்திருந்த மரத்தடியில் வேறொருவன் உட்கார்ந்து மீன் டின்னைத் திறந்து தின்றுகொண்டிருந்தானாம். இரண்டாவது சனிக்கிழமை ஒரு குடும்பமே வந்து, குழந்தை அழ அழ வேட்டையாடியது. "சந்தையில நின்னு மான் புடிக்கச் சொல்றாங்க" என்றான் ராய்ஸ். இத்தனை வருஷம் அந்தக் காட்டுக்காரர்களை 'ஆரஞ்சுப் பட்டாளம்' என்று கேலி செய்தவன் அவன். இப்போது அதே நிறச் சட்டையை நான் அவனுக்கு வாரா வாரம் துவைத்துப் போட்டேன்.

ஆனால் அவன் விடவில்லை. அரசாங்கக் காடும் மிஸ் ஒட்டிலியின் நிலமும் ஒரு முள்கம்பி வேலியால்தான் பிரிகின்றன. நவம்பர் நடுவில் ஆண்மான்களுக்குப் பெட்டையைத் தவிர வேறொன்றும் கண்ணில் படாது. வேலி, எல்லை, சோளம் எதையும் பார்க்காமல் அலையும். ஜட்ஜும் மான்தானே, ஒருநாள் இந்தப் பக்கம் வராமலா போகும் என்று கணக்குப் போட்டு, வேலியிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு சரிவைப் பிடித்தான். அங்கே யாரும் வருவதில்லை. நடக்கக் கஷ்டமான இடம். முழங்காலை வைத்துக்கொண்டு அவன் தனியாகப் போனால் மானை இழுத்துவர முடியாது என்பதால் நானும் கூடப் போனேன். எனக்கு வேட்டையில் ஆசை இல்லை. அந்த மான் கிடைத்துவிட்டால் இந்த ஆள் மறுபடியும் மனுஷனாவான் என்ற ஆசைதான்.

நன்றித் திருநாளுக்கு முந்தின சனிக்கிழமை அது. நல்ல குளிர். வெயில் ஏறி, நான் வேட்டையை மறந்து வான்கோழிக்குள் திணிக்க என்னென்ன வாங்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ராய்ஸ் என் தொடையைத் தொட்டான். சரிவுக்குக் கீழே ஒரு பெட்டை ஓடிவந்தது. அதன் பின்னால், மூக்கைத் தரையோடு வைத்துக்கொண்டு, ஜட்ஜ்.

படத்தில் பார்த்ததற்கும் நேரில் பார்ப்பதற்கும் சம்பந்தமே இல்லை. கழுத்து ஒரு காளையின் கழுத்து மாதிரி வீங்கியிருந்தது. கொம்பில் மரப்பட்டை ஒட்டிக்கொண்டிருந்தது.  வேலிக்கு இந்தப் பக்கம், அரசாங்கக் காட்டுக்குள், எங்கள் பக்கம் நின்றது. ராய்ஸ் சுட்டான்.

 நான்கு வருஷம் காத்திருந்தவன் அரை நொடி காத்திருக்கவில்லை, அவ்வளவுதான். குண்டு நெஞ்சில் படாமல் பின்னால் போய் இடுப்பில் விழுந்தது. ஜட்ஜ் ஒரே எம்பு. முன்கால் வேலியைத் தாண்டியது, பின்கால் கம்பியில் மாட்டி அறுத்துக்கொண்டு வந்தது. அந்தப் பக்கம் போய், வெட்டிவிட்ட புல்வெளி நடுவில் உட்கார்ந்துவிட்டது. செத்து விழவில்லை. நாய் உட்காருகிற மாதிரி, முன்கால் ஊன்றி, பின்கால் செத்து, தலை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

வேலிக்கு ஓடினோம். நொண்டிக்கொண்டு அவன் முன்னால், நான் பின்னால். தூண்களிலும் மரங்களிலும் ஊதா வர்ணம் பூசியிருந்தது. எங்கள் ஊரில் அந்த நிறத்துக்கு ஒரே அர்த்தம்தான், உள்ளே வராதே. மான் இருந்த இடம் பக்கத்தில்தான், எங்கள் வீட்டு வாசலிலிருந்து தபால் பெட்டி இருக்கும் தூரம்.

"போ ராய்ஸ். தாண்டிப் போயி முடி. நான் கம்பியை மிதிச்சுப் புடிச்சுக்கறேன். ரெண்டு பேருமா இழுத்தா அஞ்சு நிமிஷம்."

"சட்டம் இருக்குடி. நெலத்துக்காரன் சம்மதம் இல்லாம அடிபட்ட மானுக்காகக்கூட உள்ள கால் வைக்கக் கூடாது. வேட்டை வார்டன் புடிச்சா துப்பாக்கி போயிரும், லைசென்ஸ் போயிரும்."

"எந்த வார்டன்? இங்க இருக்கறது நீயும் நானும் அந்த மானும்."

அவன் ஒரு பைன் மரத்தைக் காட்டினான். கேமரா. அவனே போன வருஷம் வாங்கி, அவனே ஏணி வைத்துக் கட்டியது. இப்போது அது கார்லண்டின் ஃபோனுக்குப் படம் அனுப்புகிறது.

"அப்ப இங்கிருந்தே இன்னொரு குண்டு போடு. எப்படித் தவிக்குது பாரு."

"எல்லைக்கு மேல குண்டு போகக் கூடாது."

பின்கால் தேய ஜட்ஜ் ஒரு முழம் முன்னால் இழுத்துக்கொண்டு போய், மறுபடி உட்கார்ந்தது. எனக்கு அழுகை வந்தது. ராய்ஸ் ஃபோனை எடுத்தான். நான் வேண்டாம் என்று அவன் கையைப் பிடித்தேன். என்னை ஒரு பார்வை பார்த்தான்.

"திருடன் மாதிரி ஏன் போகணும்? மொறையாக் கேப்போம். என் மச்சான் இல்லேன்னு சொல்லுவானா?"

ஒழுங்குமுறையோடு வேட்டையாடுகிறவன் என்று ஊரில் அவனுக்குப் பேர் இருந்தது. அந்தப் பேர்தான் அவனைக் கெடுத்தது. மாட்டுத் திருடன் ஒருவன் அந்த இடத்தில் நின்றிருந்தால் ஜட்ஜ் இன்றைக்கு எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும்.

ஃபோனை உரக்க வைத்தான். எனக்கும் கேட்டது.

"மச்சான், ஜட்ஜை அடிச்சுட்டேன்டா!"

 "எங்க?" என்றான் கார்லண்ட்.

"நான் காட்டுப் பக்கந்தான். ஆனா அது வேலி தாண்டி உங்க பக்கம் உக்காந்துருச்சு. இன்னும் உசிரு இருக்கு. போயி எடுத்துக்கவா?"

"எந்த எடம்? சரியாச் சொல்லு மச்சான்."

"அதான், மூணாவது தொட்டிக்குக் கீழ, புல்லு வெட்டின சந்து. நான் போட்டேனே, அந்தச் சந்து."

"சரி. நீ உள்ள வராத. தொடாத. நான் வர்றேன்."

ராய்ஸ் ஃபோனைப் பையில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தான்.  "பாத்தியா?" என்றான். "என்ன இருந்தாலும் உன் ரத்தம்."

நாங்கள் காத்திருந்தோம். மானும் காத்திருந்தது. அதன் மூச்சு வெள்ளையாக வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு தரமும் எழுந்திருக்க முயலும்போது ராய்ஸ் தன் முழங்காலைத் தானே அழுத்திக்கொண்டு, "இரு, இரு" என்றான். மானிடம் சொன்னானா, தன்னிடமா, தெரியவில்லை. வண்டிச் சத்தம் கேட்க முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கார்லண்ட் வீட்டிலிருந்து இங்கே வரப் பத்து நிமிஷம் போதும்.

வண்டியில் இரண்டு பேர். இரண்டாவது ஆள் மடிப்புக் கலையாத வேட்டை உடுப்பு போட்டிருந்தார். கன்னத்தில் தலையணைக் கோடு இன்னும் போகவில்லை. வார இறுதிக்கு வந்து தங்கியிருந்த டாக்டரை எழுப்பிக் கிளப்பத்தான் நேரம் பிடித்திருக்கிறது.

கார்லண்ட் எங்களைப் பார்த்துக் கையைக்கூடத் தூக்கவில்லை. டாக்டருக்குக் குனிந்து காட்டினான். "அந்தா டாக்டர். எந்திரிக்காது, பயப்படாதீங்க. தோளுக்குப் பின்னாடி பாத்து அடிங்க. தலையில மட்டும் படாம பாத்துக்கங்க, கொம்பு கெட்டுப்போயிரும்."

"டேய்! மச்சான்!" ராய்ஸ் வேலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கத்தினான். "அது என் மான்டா! மொத குண்டு என்னுது!"

டாக்டர் சுட்டார். குண்டு முன்காலை ஒடித்தது. இதுவரை சத்தம் போடாமல் இருந்த மான் அப்போது கத்தியது. ஆட்டுக்குட்டி கத்துகிற மாதிரி. அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து அப்படி ஒரு குரல் வரும் என்று எனக்குத் தெரியாது. "பரவால்ல டாக்டர், நிதானமா" என்றான் என் தம்பி. டாக்டர் மறுபடி சுட்டார். மூன்றாவது குண்டில்தான் தலை சாய்ந்தது.

கார்லண்ட் அவர் கையைக் குலுக்கினான். கொம்பைப் பிடித்துத் தலையைத் தூக்கி வைத்து, நாக்கை உள்ளே தள்ளி, ரத்தத்தைத் துடைத்து, அவரைப் பின்னால் மண்டியிட வைத்துப் படம் எடுத்தான். டாக்டர் தன் லைசென்ஸிலிருந்து மான் சீட்டைக் கிழித்துக் கொம்பில் கட்டினார், இனி அது அவர் மான். எல்லாம் எங்கள் கண் முன்னால். அதற்குப் பிறகுதான் வேலிப் பக்கம் வந்தார்கள்.

"நீ அடிச்சது அந்தப் பக்கம் மச்சான். செத்தது இந்தப் பக்கம்" என்றான் கார்லண்ட். "வேலி தாண்டி விழுந்தா நெலத்துக்காரனுக்கு. ரூலு நான் போட்டதில்லை, நம்ம குத்தகைக் கூட்டத்துக்கு நீ தலைவரா இருந்தப்ப நீ போட்டது. அந்த ஆலைக்காரன் மகளோட வந்தானே, ஞாபகம் இருக்கா? அந்தப் பொண்ணு மொத மொத அடிச்ச மான் நம்ம பக்கம் வந்து விழுந்துச்சு. கேட்டுல நின்னு அழுதுச்சு. நீ என்ன சொன்ன? வேலின்னா வேலிதான்னு சொன்ன. ரெண்டு நாள் கழுகு சுத்துச்சு."

 அது நடந்ததுதான். நடந்தபோது எங்களுக்கு நியாயமாகத்தான் தெரிந்தது, ஏனென்றால் நாங்கள் வேலிக்கு உள்ளே இருந்தோம்.

ஆனால் நான் விடுவேனா? "நீ மனுஷனாடா? உனக்குச் சோறு போட்டவன்டா இவன். கேமராவும் இவனுது, சோளமும் இவனுது, நாலு வருஷம் இவன் வளத்த மான். ஊரான் நெய்யை எடுத்து உன் எசமானுக்கு ஊத்துறியா?"

"அக்கா, நீ இதுல வராத."

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. நல்ல மனுஷர்தான், அதைச் சொல்லிவிட வேண்டும். கையுறையைக் கழற்றிவிட்டு வேலிக்கு மேலாக ராய்ஸுக்குக் கை நீட்டினார்.

"நீங்கதான் ராய்ஸா? கார்லண்ட் உங்களப் பத்தி நெறைய சொல்லியிருக்கார் சார். அந்தப் படமெல்லாம் நீங்க எடுத்ததாமே? பிரமாதம். ஏப்ரல்லயே அத்தனையும் அனுப்பிட்டார். நாலு வருஷப் படம், வருஷா வருஷம் கொம்பு வளர்றது அப்படியே தெரியுது. உண்மையச் சொல்லணும்னா, இந்த மான் இல்லேன்னா நான் இந்த நெலத்த எடுத்தே இருக்க மாட்டேன்."

படம் வரும்போதெல்லாம் ராய்ஸ் ஆசையாக என் தம்பிக்கும் அனுப்பிவைப்பான். கார் ஷெட்டில் கூட்டம் நடந்தது மே மாதம். ராய்ஸ் தொப்பியைச் சுற்றிக்கொண்டே பங்கு கேட்டது மே மாதம். அப்போதே என் தம்பி அந்த மானை விற்று முடித்திருந்தான். மிஸ் ஒட்டிலியின் கல்லறையில் பூ காய்ந்திருக்காது. நான் கார்லண்டைப் பார்த்தேன். அவன் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான்.

ராய்ஸ் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினான். "வாழ்த்துகள் டாக்டர்" என்றான். அவனைப் பெற்றவள் அப்படி வளர்த்திருந்தாள். முறையாகக் கேட்பது, முறையாகக் கை குலுக்குவது.

டாக்டருக்கு வேண்டியது தலையும் கழுத்துத் தோலும் மட்டும். பாடம் பண்ணுகிறவரிடம் கொடுக்க வேண்டும், ஹூஸ்டனில் ஏதோ அறையில் மாட்ட வேண்டும். கார்லண்ட் அங்கேயே தோலை உரித்துத் தலையை எடுத்து வண்டியில் பத்திரமாக வைத்தான். பிறகு பின்தொடைகளை வெட்டி எடுத்துக்கொண்டு வேலிக்கு வந்தான். குண்டு பட்ட முன்கால் ஒன்றுக்கும் உதவாது என்று புதரில் எறிந்தான்.

"இறைச்சியை நீ எடுத்துக்கோ மச்சான். டாக்டர் வீட்ல மான் திங்க மாட்டாங்களாம். வீணாப் போகக் கூடாதில்ல."

"தூக்கி நரிக்குப் போடுடா!" என்று நான் கத்தினேன்.

ராய்ஸ் கம்பிக்கு மேலாக இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டான். சூடு இன்னும் ஆறவில்லை. ஆவி பறந்தது. அதைப் பைக்குள் போடாமல், கீழேயும் வைக்காமல், அப்படியே நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றான். ஆரஞ்சுச் சட்டை நனைந்தது. நான் அவனைப் பிடித்து இழுத்தேன், வா போகலாம் என்றேன். அவன் பார்வை என்மேல் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம், ஓடையை ஒட்டி, அவன் கட்டிய பரணின் கூரை மரங்களுக்கு நடுவே தெரிந்தது.

கார்லண்ட் போகத் திரும்பியவன், ஏதோ அப்போதுதான் தோன்றியதுபோல நின்றான்.

"மச்சான், ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். வார நாள்ல தொட்டிக்கெல்லாம் சோளம் நெரப்ப ஆள் வேணும்கறார் டாக்டர். பரணைத் தொடைக்கணும், கேமராவுக்கு பேட்டரி மாத்தணும். எனக்கு ஒத்தையாளா முடியல. ஒனக்குத்தான் இந்த நெலம் அத்துப்படி. துப்பாக்கி மட்டும் எடுத்துட்டு வரக் கூடாது. சம்பளம்னு பெருசா இருக்காது."

வண்டியிலிருந்து டாக்டர் உற்சாகமாகச் சொன்னார். "வந்தீங்கன்னா ரொம்ப சந்தோஷம் சார். கார்லண்ட் சொல்றார், ஓடைப் பக்கம் எட்டு முனைல சின்ன மான் ஒண்ணு சுத்துதாம். ரெண்டு வருஷம் விட்டு வளத்தா நல்லா வருமாமே?"

அவன் அந்த இறைச்சியை அவர்கள் முகத்தில் எறிவான் என்று நான் நினைத்தேன். எறிந்திருந்தால் அவன் காலைக் கழுவிக் குடித்திருப்பேன்.

"மூணு வருஷம்" என்றான் ராய்ஸ்.   "ரெண்டு பத்தாது டாக்டர், மூணு வருஷம் விடணும். அது அவசரப்படுற சாதி இல்ல." பிறகு என் தம்பியிடம், கண்ணைப் பார்க்காமல் கேட்டான். "கேட் பூட்டு நம்பர் பழசேதானா, மாத்திட்டீங்களா?"

"மாத்தியாச்சு மச்சான். எழுதிக்கோ."

ராய்ஸ் இறைச்சியைத் தரையில் வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். "பேனா குடு வெர்லீன்."

பேனா என் பையில் இருந்தது. மானைச் சுட்டால் உடனே லைசென்ஸின் பின்பக்கத்தில் தேதியும் இடமும் எழுதியாக வேண்டும். அதற்காக அன்று விடியற்காலையில் அவனே தேடி எடுத்து, எழுதுகிறதா என்று கிறுக்கிப் பார்த்து, என்னிடம் கொடுத்து வைத்திருந்தான். கொடுக்காமல் இருந்திருக்கலாம். தொலைந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். கொடுத்தேன்.

கார்லண்ட் நம்பரைச் சொன்னான். ராய்ஸ் உள்ளங்கையில் எழுதினான். ரத்தத்தின் மேல் மை பிடிக்கவில்லை. கையைக் கால்சட்டையில் நன்றாகத் துடைத்துவிட்டு, "இன்னொரு தடவை சொல்லு மச்சான்" என்றான்.